கணினியின் முதன்மைப் பட்டியும் தமிழ்ச் சொல்மரபும்

முன்னுரை

தொண்டை நாட்டுப் பழம்பதிகளுள் திருமழிசையும் ஒன்று. பூவிருந்தவல்லிக்கு மேற்கே, சென்னையினின்று பெங்களூருக்குச் செல்லும் பெருவழியை அடுத்து அமைந்தது. திருமழிசையாழ்வார் தோன்றிய ஊர் என்பதனால் வைணவ உலகில் பெரும் புகழ் கொண்டது. பிரம்பு வினைஞர் ஒருவரால் வளர்க்கப்பெற்றவர் அவ்வாழ்வார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். இன்றோ இவ்வூரைச் சூழத் தொழிற்கூடங்களும் புதுக் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. கணினி புகாத தெரு இல்லை.

இவ்வூரினின்று எம்மிடம் பயில வரும் முதுகலை மாணவி ஒருவர், தம் வீட்டு மேசைக் கணினியின் மொழியைத் தமிழாக மாற்றிச் சில நாள் பயன்படுத்திப் பார்த்தார். பின்னர் மீண்டும் ஆங்கிலத்திற்கே மாற்றிவிட்டார். காரணம் வினவியபோது, “சொல்லெல்லாம் தமிழ்தான், ஐயா. ஆனால் எதைத் தொட்டால் எங்கே போகும் என்று தெரியவில்லை” என்றார். தமிழை முறையாகக் கற்கும் ஒருவர் தமிழ்ச் சொற்களினூடே வழி தெரியாது திகைத்தார் என்பது எளிதில் ஒதுக்கத்தக்க செய்தியன்று. அத்திகைப்பு எங்கிருந்து பிறந்தது? சொல்லின் குறையா, சொல்லை அமைத்த முறையின் குறையா, அன்றிச் சொல்லைக் காக்க வேண்டியவர்தம் குறையா? இவ்வினாக்களுக்கு விடை காணும்பொருட்டுக் கணினியின் முதன்மைப் பட்டி தமிழில் அமைந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டியின் தோற்றம்

கணினியை இயக்கியவுடன் திரையில் தோன்றும் பரப்பினைப் பணிமேடை என்றும் மேசைத்தளம் என்றும் வழங்குவர். அதன் ஓர் ஓரத்தே உள்ள குறியைச் சுட்டியால் தொட்டால் ஒரு பட்டி விரியும். அக்கணினியில் உள்ள செயலிகள் யாவும் அப்பட்டியில் வகைப்படுத்தி வைக்கப்பெற்றிருக்கும். இதுவே முதன்மைப் பட்டி. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘மெனு’ என்னும் சொல் பிரெஞ்சு மொழியினின்று வந்தது. நுண்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அதற்கு மூலம். விரிவாக எழுதிய உணவுப் பட்டியலைக் குறித்துப் பின்னர்க் கணினிக்கு ஆயிற்று.

தொடக்க காலத்துக் கணினிகளில் பட்டி இல்லை. ஏவற்சொற்களை மனப்பாடம் செய்து விசைப்பலகையில் எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட வேண்டும். ஏவலை அறியாதவர்க்குக் கணினி ஊமைப் பொருளே. இந்நிலையை மாற்றியோர் சிலர். 1968 டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் சுட்டியைக் கொண்டு திரையில் உள்ளவற்றை இயக்கிக் காட்டினார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1973இல் ஆல்ட்டோ என்னும் கணினி உருப்பெற்றது. அந்நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணினி, அலுவலக மேசையை அப்படியே திரையில் ஏற்றியது. 1984 சனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் வெளிவந்தது. 1995 ஆகஸ்டு 24ஆம் நாள் வெளியான விண்டோஸ் 95, திரையின் இடக்கீழ் மூலையில் தொடக்கக் குறி ஒன்றை வைத்து, அதனுள் எல்லாச் செயலிகளையும் தொகுத்தது. முதன்மைப் பட்டி என்றதும் இன்று நம் நினைவுக்கு வரும் வடிவம் அதுவே.

இவ்வரலாற்றில் தமிழாய்வோர் உளங்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. ஏவலை நினைவில் வைத்திருப்பது ஓர் ஆற்றல். கண்முன் உள்ள பலவற்றுள் வேண்டியதைக் கண்டுகொள்வது மற்றோர் ஆற்றல். பின்னதே எளிது. பட்டி மனிதனை மனப்பாடச் சுமையினின்று விடுவித்தது. ஆயினும் அவ்விடுதலை, கண்முன் உள்ள சொல்லைப் படித்தவுடன் அஃது எதற்கு வாயில் என்று விளங்குங்கால் மட்டுமே கைகூடும்.

நிகண்டும் பட்டியும்

பொருள்களை வகைப்படுத்தி, அவ்வகையின் வழியே ஒன்றைத் தேடிச் சேரும் முறை தமிழர்க்குப் புதிதன்று. திவாகர நிகண்டு சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பகுத்து வைத்தது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் எனத் தொடங்கிப் பல்பொருட் கூட்டத்து ஒரு பெயரில் முடியும் அவ்வமைப்பினைச் சூடாமணி நிகண்டும் பின்பற்றியது. நிகண்டில் ஒரு சொல்லைக் காண விரும்புவோன், அச்சொல் எவ்வகைப் பொருளைக் குறிக்கும் என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். ஆம்பலைத் தேடுவோன் மரப்பெயர்த் தொகுதிக்குச் செல்ல வேண்டும் என்பது கற்றறிந்த நெறி.

முதன்மைப் பட்டியின் அமைப்பும் இத்தகையதே. கல்வி, விளையாட்டு, வரைகலை, இணையம், அலுவலகம், ஒலியும் ஒளியும், நிரலாக்கம், துணைக்கருவிகள் என்றாற்போலத் தலைமை வகைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தொட அதன் உட்பட்டி விரியும். முன்னது தொகை, பின்னது விரி. எவ்வகையிலும் அடங்காதவற்றைத் துணைக்கருவிகள் என்னும் தலைப்பின்கீழ் வைத்தனர். பல்பொருட் பெயர்த் தொகுதி என ஒன்றை நிகண்டாசிரியர் அமைத்த தேவையும் இதனை ஒத்ததே. கணக்கிடு கருவி அலுவலகத்துள் அடங்குமா, துணைக்கருவியுள் அடங்குமா என்னும் ஐயம், ஒரு சொல் பல தொகுதிக்கு உரியதாகும்போது நிகண்டாசிரியர்க்கு எழுந்த ஐயத்தின் உடன்பிறப்பு எனலாம்.

தொகையைக் கூறி விரியைக் கற்போன் அறிவுக்கு விடும் முறை திருமழிசையாழ்வாரிடமும் காணப்படுகின்றது. திருச்சந்தவிருத்தத்தின் முதற்பாட்டு, ஐம்பெரும் பூதங்களின் பண்புகளை எண்களாலேயே சுட்டிச் செல்வது. எண்ணுக்கு உரிய விரியை அறிந்தோனுக்கு அப்பாட்டு வாயில் திறக்கும். அறியாதோனுக்கு அவை வெறும் எண்களாகவே நிற்கும். உரையாசிரியர் வேண்டப்பட்டது இதனாலன்றோ? பட்டியில் உள்ள தொகைச்சொல்லுக்கும் இவ்விதி பொருந்தும். உரை இல்லாத தொகை, பூட்டிய கதவு.

தமிழ்ப் பட்டி அமைந்த வரலாறு

கணினித் திரையில் தமிழ் எழுத்துத் தோன்றியதற்கும் தமிழ்ப் பட்டி அமைந்ததற்கும் இடையே கழிந்த காலம் குறைந்ததன்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பிறரும் பல நாடுகளில் முயன்றனர். ஆயினும் ஒவ்வொருவர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் அமைந்தமையின், ஒருவர் எழுதியதைப் பிறர் படித்தல் அரிதாயிற்று. இக்குழப்பத்தைத் தீர்க்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ் 99 விசைப்பலகை அம்மாநாட்டின் பயன். அடுத்த ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டின்போது உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 1991இலேயே தமிழுக்கு இடம் அளித்த ஒருங்குறி, விண்டோஸ் 2000 முதலாக இயக்குதளங்களில் மெல்ல மெல்ல ஆட்சி பெற்றது.

எழுத்துத் தோன்றியபின் எழுந்த வினா, இயக்குதளத்தின் பட்டியே தமிழில் பேசுமா என்பது. இதற்கு முதலில் வழி திறந்தவை கட்டற்ற மென்பொருள்கள். 1996இல் செருமானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கே.டி.ஈ. என்னும் பணிமேடைத் திட்டத்தைத் தொடங்கினார். 1997இல் மெக்சிக்கோ நாட்டைச் சேர்ந்த மிகேல் தே இக்காசா முதலியோர் க்னோம் என்னும் மற்றொன்றைத் தொடங்கினர். இவற்றின் மூலம் எவர்க்கும் திறந்து கிடந்தமையின், ஒரு நிறுவனத்தின் இசைவுக்குக் காத்திராமல் எம்மொழியாரும் தம் மொழியில் பெயர்த்துக்கொள்ள இயன்றது. தமிழகத்திலும் ஈழத்திலும் மலேசியா, வட அமெரிக்கா முதலிய இடங்களிலும் வாழ்ந்த தமிழ் ஆர்வலர் பலர், பொறியாளரும் மருத்துவரும் மாணவருமாக இருந்தோர், ஊதியம் கருதாது அப்பணியை மேற்கொண்டனர். இரண்டாயிரமாம் ஆண்டையொட்டித் தொடங்கிய இம்முயற்சியே தமிழ்ப் பட்டியின் முதற்படி.

இதனை அடுத்து நிறுவனங்களும் அரசும் இதில் ஈடுபட்டன. 2005 ஏப்ரலில் நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுந்தகடு ஒன்றைச் சென்னையில் வெளியிட்டு மக்களுக்கு விலையின்றி வழங்கியது. 2006ஆம் ஆண்டையொட்டித் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், லினக்சு இயக்குதளத்துக்கு மாறியது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சு 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பட்டிகளைக் காட்டுவது அதன் சிறப்பு. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பெற்றது. அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. திருமழிசையும் அம்மாவட்டத்து ஊரே. இவ்வாறாகத் தமிழ்ப் பட்டி, ஆர்வலர்தம் மேசையினின்று எளிய வீட்டு மாணவர்தம் கைக்கு வந்து சேர்ந்தது. வந்த பொருள் ஏன் வழங்காது போயிற்று என்பதே இனி ஆராயத்தக்கது.

அதர்ப்பட யாத்தல்

தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்தி, மொழிபெயர்ப்பை அதன் நான்காம் வகையாக வைத்தது. அவ்விடத்து அவர் கூறும் ‘அதர்ப்பட’ என்னும் அடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதர் என்பது வழி. பிறமொழிப் பொருளைத் தமிழ் நெறியிற்பட அமைத்தலே மொழிபெயர்ப்பு என்பது அதனால் பெறப்படும். பட்டியின் மொழிபெயர்ப்பில் இவ்வதர் தவறியது எங்ஙனம்?

முதற்கண் மொழிபெயர்க்கும் முறையை அறிதல் வேண்டும். செயலியில் உள்ள ஆங்கிலத் தொடர்கள் யாவும் ஒரு தனிக் கோப்பில் தொகுக்கப்படும். ஒரு வரியில் மூலத்தொடர், அதனை அடுத்த வரியில் பெயர்ப்பு என அஃது அமையும். முதன்மைப் பட்டியில் தோன்றும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு குறிப்பேடு உண்டு. அதில் அச்செயலியின் ஆங்கிலப் பெயர் ஒரு வரியிலும், தமிழ்ப் பெயர் தமிழுக்குரிய ஈரெழுத்து மொழிக்குறியுடன் மற்றொரு வரியிலும், அஃது எவ்வகைக்கு உரியது என்பது வேறொரு வரியிலும் இருக்கும். பயன்படுத்துவோர் தமிழைத் தேர்ந்தால், பணிமேடை தமிழ்ப் பெயர் வரியை எடுத்துக் காட்டும். அவ்வரி இல்லையேல் ஆங்கிலப் பெயரையே காட்டும். தமிழ்ப் பட்டியில் இடையிடையே ஆங்கிலம் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுவே.

இம்முறையில் பெரும் இடர் ஒன்றுண்டு. மொழிபெயர்ப்போன் கண்முன் உள்ளது சொல்; அது திரையில் எங்கே, எதன் அருகே தோன்றும் என்னும் இடம் அவனுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்பது திறத்தலாகிய ஏவலும் ஆம். திறந்துள்ள என்னும் அடையும் ஆம். ‘வியூ’ என்பது பெயரும் ஆம், வினையும் ஆம். ஆங்கிலச் சொல் உருமாறாமலே இரு நிலையிலும் நிற்கும். தமிழ்ச் சொல்லோ அங்ஙனம் நில்லாது. பார் என்றால் ஏவல். பார்வை என்றால் பெயர். பார்க்க என்றால் வியங்கோளும் ஆகும், செயவென் எச்சமும் ஆகும். இடம் அறியாது பெயர்த்தவழி இம்மூன்றும் ஒரே பட்டியில் கலந்து நிற்கின்றன. இடம் சுட்டிப் பொருள் கொள்ளும் மரபுடைய மொழிக்கு, இடமிலாத சொற்பட்டியலைத் தந்து பெயர்க்கச் சொன்னதன் விளைவு இது. குறை மொழிபெயர்த்தார்மேல் இல்லை.

ஏவலும் வியங்கோளும்

இதனினும் நுண்ணிய சிக்கல் ஒன்று உண்டு. பட்டியில் உள்ள சொல்லை யார் யாருக்குக் கூறுகின்றார்? ஆங்கிலம் இவ்வினாவை எழுப்புவதில்லை. தமிழ் எழுப்பாமல் விடுவதில்லை.

திற, சேமி, அச்சிடு, ஒட்டு என்பன பயன்படுத்துவோர் கணினியை ஏவும் ஏவல்கள். பொறியை ஒருமையில் ஏவுதல் தகும். அதில் வழு இல்லை. ஆனால் கணினி மனிதரை நோக்கிப் பேசும் இடங்களும் உள. கடவுச்சொல்லைக் கேட்குமிடத்து ‘உள்ளிடு’ என்று ஒருமையில் கூறினால் அது தமிழ் நாகரிகத்துக்கு ஒவ்வாது. ‘உள்ளிடுக’ என்றோ ‘உள்ளிடவும்’ என்றோ அமைதல் வேண்டும். வியங்கோள் தன்மையிடத்தும் முன்னிலையிடத்தும் வாராது என்பது தொல்காப்பியர் காலத்து வழக்கு. நன்னூலார் காலத்தில் அஃது எல்லா இடத்தும் பாலிலும் வரலாயிற்று. அவ்வளர்ச்சியின் பயனாகப் படர்ந்த வியங்கோளே இன்று பொறி மனிதரிடம் பணிவுடன் பேசத் துணையாகின்றது.

இவ்வேறுபாட்டைப் பேணாமையின் விளைவைக் காட்ட ஒரு சொல் போதும். பணியை முடித்துக் கணினியை விட்டு நீங்குவதற்குரிய இடத்தில் ‘வெளியேறு’ என்னும் சொல் வழங்குகின்றது. திற, சேமி என்பவற்றில் செயலைச் செய்வது கணினி. வெளியேறுதலைச் செய்வது மனிதர். ஆகவே, ‘வெளியேறு’ என்பதைப் படிப்போர் அதனைத் தாம் கணினிக்கு இடும் கட்டளை எனக் கொள்ள இயலாது. கணினி தம்மை விரட்டுவதாகவே கொள்வர். ‘விடைபெறுக’ என்றோ, ‘வெளியேறல்’ எனத் தொழிற்பெயராகவோ அமைத்திருப்பின் இவ்விடர் நேராது. இலக்கணம் பயின்றோர் ஒருவர் அருகிருந்திருப்பின் ஒரு நாழிகையில் தீர்ந்திருக்கும் சிக்கல் இது. அருகில் யாரும் இல்லை.

சொல் நிலைபெறாமை

கணினிக்குத் தமிழ்ச் சொல் இல்லை என்பார் கூற்று இன்று பொருந்தாது. சில சொற்கள் நன்கு வேரூன்றியுள்ளன. கோப்பு என்பது கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. தாள்களை ஒன்றாகக் கட்டி வைத்த அலுவலகக் கட்டினை ஆட்சித்தமிழ் கோப்பு என்று வழங்கியது. கணினி அதனை அப்படியே ஏற்றது. ஓலை ஏடுகளைக் கயிற்றில் கோத்து வைத்த மரபுக்கும் அச்சொல் பொருந்தி நிற்கின்றது. இணையம் என்னும் சொல் சிங்கப்பூர்த் தமிழறிஞர் நா. கோவிந்தசாமி படைத்தது, இன்று அதனை அறியாத தமிழர் இலர். சாளரம் என்பது சிலப்பதிகார மனையறம்படுத்த காதையில் வரும் பழஞ்சொல். அதே காப்பியத்துள் இந்திரவிழவூரெடுத்த காதை காற்று வரும் வழியைக் காலதர் என்று கூறும். இரண்டனுள் சாளரமே கணினியில் நின்றது. மக்கள் நாவில் எஞ்சியிருந்த சொல் வென்றது எனக் கொள்ளல் தகும்.

நிலைபெறாத சொற்களின் தொகையோ பெரிது. பணிமேடை, பணிமேசை, மேசைத்தளம் என மூன்று பெயர் ஒன்றற்கே வழங்குகின்றன. சின்னம், படவுரு, குறும்படம் என்பன ஒன்றனையே குறிக்கின்றன. கோப்புகளை அடக்கி வைப்பது ஓரிடத்து அடைவு, பிறிதோரிடத்துக் கோப்புறை. ‘எடிட்’ என்பதற்குப் பணிமேடைகளில் திருத்து என்பது மிகுதியாக வழங்க, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தொகு என்பதை வழங்குகின்றது. அப்பட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பன வெட்டு, நகலெடு, ஒட்டு, தேடு என்பன. பிழை நீக்கலைக் குறிக்கும் திருத்தும், ஒருங்கு சேர்த்தலைக் குறிக்கும் தொகுவும் இவையனைத்தையும் முற்றும் தழுவா. இரண்டனுள் எது சிறந்தது என்று வாதிடலாம். ஆனால் பட்டியைப் பொறுத்தவரை அவ்வாதம் இரண்டாம் நிலையினது.

செயலி என்னும் சொல்லின் வரலாறு இதனினும் விந்தையானது. முற்காலக் கணினிக் கலைச்சொற்களில் அது கணினியின் உள்ளுறுப்பாகிய கணிக்கும் சில்லைக் குறித்தது. நுண்செயலி என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் உள்ளது. கைப்பேசி பரவியபின் அதே சொல், பயன்பாட்டு மென்பொருளைக் குறிக்கலாயிற்று. இக்கட்டுரையிலும் அப்பொருளிலேயே ஆளப்பெற்றது. ஒரு சொல் பல்பொருளாதல் நிகண்டு கண்ட உண்மையே. ஆயினும் பட்டியில் அஃது இடர் தரும், என்னை? பட்டிச் சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் போதாது. அதனைத் தொட்டால் எது திறக்குமோ அதுவே அதன் பொருள். ஒரு வாயிலுக்கு நாள்தோறும் பெயர்ப்பலகை மாறுமாயின், பலகையில் உள்ள சொல் எத்துணைத் தூயதாயினும் வழிப்போக்கனுக்குப் பயன் என்ன?

திருமழிசை மக்கள் இதனைக் கண்ணாரக் கண்டவர். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், கொள்ளைநோய்த் தொற்றின் காரணமாகக் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பெற்றது. செப்டம்பர் இறுதி வரை அங்கேயே நடந்தது. பல்லாண்டு பழகிய சந்தையில் வணிகன் பலகையைப் படித்துச் செல்வதில்லை. கால் பழகிய வழியே செல்வான். சந்தை இடம் மாறியதும் கால்வழி பயனற்றுப்போய்ப் பெயரும் எண்ணுமே துணையாயின. கணினியை ஆங்கிலத்தில் பழகியவர் நிலையும் இதுவே. அவர் ஆங்கிலச் சொல்லைப் படிப்பதில்லை. முதலாவது, இரண்டாவது என இடத்தை அறிந்து தொடுகின்றார். மொழி மாறி, வரிசையும் மாறியவழி, அவர் முதன்முறையாகச் சொல்லைப் படிக்க நேர்கின்றது. அப்போது அச்சொல் கைகொடாவிடின் அவர் பழைய சந்தைக்கே திரும்புவார். முன்னுரையிற் குறித்த மாணவி திரும்பியது அதனாலேயே.

வரிசையின் சிக்கல்

வரிசையும் மாறியவழி என்றோம். அதனைச் சிறிது விளக்குதும். உட்பட்டியில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் நிற்பன. ஆயின் கணினி எந்த அகரவரிசையை அறியும்? ஒருங்குறியில் தமிழ் மெய்கள் நம் நெடுங்கணக்கு முறையில் அமையவில்லை. பிற இந்திய எழுத்துகளோடு ஒப்ப வைத்தமையின், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் இடம்பெற்றன. புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின் வைக்கப்பெற்றது.

இதன் விளைவை இரண்டு சான்றுகளால் அறியலாம். தமிழ் முறைப்படி ‘அமைப்பு’ முன்னும் ‘அனுப்பு’ பின்னும் வருதல் வேண்டும். மகரத்துக்குப் பின்னன்றோ னகரம்? ஒருங்குறி எண்ணின்படி வரிசைப்படுத்தினால் ‘அனுப்பு’ முந்திவிடும். ‘அச்சிடு’ என்பதில் உள்ள புள்ளி பெற்ற சகரம், ‘அசைபடம்’ என்பதில் உள்ள சைகாரத்துக்கு முன் வருவது நம் அகராதி மரபு. எண்ணின்படி ‘அசைபடம்’ முந்தும். இதனைத் திருத்தும் வரிசை அட்டவணைகள் இன்று உள்ளன. அவற்றைக் கையாளும் இயக்குதளம் சரியாக வரிசைப்படுத்தும். கையாளாத செயலி பிழையாகவே வரிசைப்படுத்தும். ஆகவே ஒரே கணினியில் இரு வரிசைகள் தோன்றுதல் கூடும்.

நிகண்டினின்று அகராதிக்குத் தமிழ் பெயர்ந்த வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, முதலெழுத்து வரிசையை மேற்கொண்டது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்துப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியும் அகரவரிசையில் அமைத்தார். வகை அறிந்து தேடும் முறை போய், எழுத்தறிந்து தேடும் முறை வந்தது. கணினிப் பட்டியும் நம் காலத்தில் இத்தகைய பெயர்ச்சியையே கண்டது. 2011 ஏப்ரலில் வெளிவந்த க்னோம் 3, வகைப்பட்டியை நீக்கித் தேடற்கட்டத்தை முன்னிறுத்தியது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 தொடக்கப் பட்டியையே கைவிட்டது. பயன்படுத்துவோர் மனக்குறை கண்டு, 2015இல் விண்டோஸ் 10 அதனை மீட்டது. மீண்டு வந்த பட்டியிலும் தேடல் உடன் நின்றது.

இப்பெயர்ச்சி தமிழுக்கு நன்மையா? எழுத்தறிந்து தேடுவோர்க்குச் சொல் முன்பே தெரிந்திருத்தல் வேண்டும். அடைவு என்று ஒருவர் தேட, கணினி கோப்புறை என்று பெயரிட்டிருந்தால் தேடல் வெறுங்கையுடன் திரும்பும். வகைப்பட்டியில் சொல் வேறுபடினும் கண்ணால் துழாவிக் கண்டுகொள்ள வழியுண்டு. தேடற்கட்டத்தில் அவ்வழியும் இல்லை. அதனோடு தமிழில் தட்டச்சிடும் பயிற்சியும் வேண்டும். மேலும், தமிழ்ப் பட்டிகளிலேயே ‘கோப்பு’ என்பதன் பக்கத்தில் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்து அடைப்புக்குறிக்குள் நிற்பதைக் காணலாம். விசை வழியே அப்பட்டியைத் திறப்பதற்கு உரிய எழுத்து அது. தமிழ்ப் பட்டியின் சாவி இன்னும் ஆங்கில எழுத்தாகவே இருத்தலை அது காட்டுகின்றது. சொல் ஒருமைப்பாடு முன்பு வேண்டியதாயிருந்தது, இன்று இன்றியமையாததாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. கணினியின் முதன்மைப் பட்டி என்பது இக்காலத்து நிகண்டு. அதனைத் தமிழில் ஆக்கியோர் தமிழ்த்துறையினர் அல்லர். தம் ஓய்வு நேரத்தை ஈந்த ஆர்வலர். மணவை முஸ்தபா போன்றோர் கலைச்சொற்களைத் தொகுத்து அகராதி கண்டனர். ஆயினும் பட்டியில் நிற்கும் சொல்லின் இலக்கணம், அஃது ஏவலாதல், வியங்கோளாதல், பெயராதல் என்னும் நெறி, வகுக்கப்பெறவே இல்லை. அஃது இலக்கணம் கற்பிக்கும் துறைகளின் கடன். அக்கடனை நாம் ஆற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

செய்யத்தக்கன அரியன அல்ல. வழக்கில் உள்ள பணிமேடைகளின் பட்டிச் சொற்களைத் தொகுத்து ஒப்புநோக்கும் சொல்லடைவு ஒன்றை முதுகலை மாணவர் சிலர் ஓராண்டில் உருவாக்கலாம். மனிதர் பொறியை ஏவுமிடத்து ஏவல் ஒருமை, பொறி மனிதரிடம் கூறுமிடத்து வியங்கோள், வகைத் தலைப்புகளுக்குப் பெயர் என்னும் மூன்று விதிகளே பெரும்பான்மைக் குழப்பத்தை நீக்கும். ஒரு வாயிலுக்கு ஒரு சொல் என்பது நான்காம் விதி. கட்டற்ற மென்பொருள்களில் இத்திருத்தங்களை இன்றும் எவரும் முன்மொழியலாம், வாயில் அடைபடவில்லை.

மேற்சொன்ன மாணவியிடம் இவ்வாய்வின் சில பகுதிகளைக் கூறியபோது, அவர் தம் கணினியின் பட்டிச் சொற்களைத் தாமே ஒரு ஏட்டில் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லின் நேரே, அதனைத் தொட்டால் திறப்பது யாது என்பதையும் குறித்து வருகின்றார். அவ்வேடு இன்னும் நிறைவுறவில்லை. ஆயினும் தமிழ்ப் பட்டிக்கு எழுந்த உரைகளுள் அதனையும் ஒன்றாகவே யாம் கொள்கின்றோம்.